கொசு கடிக்காத கை

போன மாதம் பழைய அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களை அழைத்து, ஒரு சால்வை போட்டு, டீ கொடுத்து அனுப்பிவைப்பது வழக்கம். இந்த முறை சால்வைக்கு முன்னால் ஓர் அறையைத் திறந்து காட்டினார்கள். உள்ளே கொசுக் கூண்டு. கூண்டின் மேல் கண்ணாடிக் கிண்ணம், கிண்ணத்தைச் சுற்றி வெந்நீர் ஓடும் குழாய், அடியில் மெல்லிய சவ்வு, சவ்வின் மேல் ரத்தம். கொசுக்கள் கீழேயிருந்து வந்து சவ்வில் தொங்கியபடி குடித்துக்கொண்டிருந்தன. ஆள் யாரும் பக்கத்தில் இல்லை.

"உங்க காலத்துல எந்த மெஷினுங்க ஐயா?" என்று அங்கே வேலை பார்க்கும் பெண் கேட்டாள்.

"பொன்னுசாமி" என்றேன்.

"அது எந்த ஊர்க் கம்பெனிங்க?"

கம்பெனி இல்லை, ஆள் என்று சொன்னேன். சிரித்தார்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து வைத்த பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கொசு ஒழிப்பு வேலையில் சேர்ந்தது ஐம்பதுகளின் கடைசியில். பதவியின் பெயர் பூச்சி சேகரிப்பாளர். ஆங்கிலத்தில் இன்செக்ட் கலெக்டர். பெண் பார்க்கப் போன இடத்தில் என் பெரியப்பா முதல் சொல்லை விழுங்கிவிட்டு இரண்டாவதை மட்டும் சொன்னார். பெண் வீட்டார் எழுந்து நின்றார்கள். விவரம் தெரிந்ததும் உட்கார்ந்தார்கள். கல்யாணம் எப்படியோ நடந்தது.

பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓர் உறிஞ்சுகுழல், ஒரு டார்ச், சில கண்ணாடிக் குழாய்கள், கொஞ்சம் பஞ்சு. சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவின் மேல் குழலை வைத்து வாயால் இழுக்க வேண்டும். கொசு வாய்க்குள் போகாமலிருக்கக் குழலின் நடுவில் வலைத்துணி இருக்கும். அது கிழிந்திருப்பது கொசு வாய்க்குள் வந்த பிறகுதான் தெரியும். மங்கலத்தில் தறிக்கொட்டாய்கள், கொமரலிங்கத்தில் மாட்டுக்கொட்டாய்கள் என்று சுற்றியிருக்கிறேன். எங்கே போனாலும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

"ஏனுங்க, என்னைய மட்டும் புடுங்கித் திங்குது, இவரக் கண்டுக்கறதே இல்லீங்க. என்ர ரத்தம் இனிப்புங்களா?"

ஆமாங்க என்று சொல்லிவிடுவேன். அவர்களுக்குச் சந்தோஷம், எனக்கும் வேலை முடிந்தது.

அறுபதுகளில் திருப்பூரில் எங்கள் துறை ஒரு சின்னப் பிரிவைத் தொடங்கியது. வாடகை வீடு. முன்னறை அலுவலகம், பின்னறை கொசு அறை. காலில் வெள்ளை வரி போட்ட பகல் கொசுவை அங்கே வளர்த்தோம். பனியன் கம்பெனிக்காரர்கள் தண்ணீருக்குப் பஞ்சம் வந்துவிடும் என்று தொட்டி, பீப்பாய், அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். இந்தக் கொசு அதில்தான் குடித்தனம் நடத்தும். நாங்கள் அடிக்கிற மருந்துக்கு அது இன்னும் சாகிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரே வயதுக் கொசுக்கள் ஓயாமல் வேண்டும். கொசு முட்டையிட ரத்தம் வேண்டும். ரத்தத்துக்கு ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் பொன்னுசாமி.

பொன்னுசாமி கொசு அறை உதவியாளர், தற்காலிகம். முத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். வலிமையான ஆள், பேச்சு குறைவு. காலையில் கூண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நிற்பார். கடிப்பவை பெண் கொசுக்கள் மட்டும் என்று சொன்ன நாளிலிருந்து அவற்றை 'அம்மிணிக' என்றே சொல்வார். "அம்மிணிக இன்னைக்கு நல்லா சாப்புட்டாங்க" என்பார். கேலி இல்லை, பழக்கம். என் கையைக் கூண்டுக்குள் விட அனுமதி கிடையாது. கொசு சாகிறதா என்று பார்க்கிற சோதனைத் தாளை மருந்தில் நனைப்பவன் நான். என் கை பட்டால் கொசு வேறு காரணத்துக்காகச் செத்துப்போகும்.

எங்கள் அதிகாரி பூவராகன். சிதம்பரம் பக்கத்துக்காரர், ஒல்லி, சைவம், குரலை உயர்த்தியதே கிடையாது. ஒருவனைத் திட்ட வேண்டுமானால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் நாமே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருப்போம். எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டார். கடலை எண்ணெய் நல்லதா என்று கேட்டால்கூட, எதற்கு நல்லது, எதை விட நல்லது என்று திருப்பிக் கேட்பார். அவர் வீட்டில் எப்படிச் சமாளித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

ரத்தம் இனிப்பு என்று நான் ஊருக்குச் சொல்லிவருவதைக் கேள்விப்பட்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"நடராசன், கொசு கடிக்குதுன்னு ஒரே வார்த்தையில சொல்றோம். அது ஒரு வேலை இல்ல, நாலு வேலை. வரணும், உட்காரணும், குத்தணும், குடிக்கணும். நாலுக்கும் காரணம் தனித்தனி. கல்யாணத்துக்கு வர்றவன் பத்திரிகையைப் பார்த்து வர்றான், பந்தியைப் பார்த்து உட்காருறான், வாசனையைப் பார்த்து இலையில கை வைக்கிறான், ருசியைப் பார்த்துச் சாப்பிடுறான். இனிப்புங்கறது நீங்களா சேர்த்தது."

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். கூண்டின் பக்கத்தில் மூச்சுவிடாமல் நின்றால் கொசுக்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு தடவை ஊதினால் மொத்தக் கூண்டும் கிளம்பியது. வெந்நீர்ப் புட்டியை வைத்தார். வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போயின. மனுச வாசம் இல்லை என்றார். அதற்கு ஒரு போட்டுக் கழற்றிய பனியன் வேண்டும், நல்ல வேர்வையோடு.

திருப்பூரில் பனியனுக்கா பஞ்சம். பக்கத்துத் தெருக் கம்பெனிக்குப் போனோம். முதலாளி எழுந்து நின்று நாற்காலி போட்டார், சோடா வரவழைத்தார்.

"ஒரு பழைய பனியன் வேணும். அழுக்கா இருக்கணும்" என்றார் பூவராகன்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சோடாவைப் பார்த்தேன்.

"ஏனுங்க சார், உங்களுக்குப் போயி அழுக்குப் பனியனக் குடுக்கறதுங்களா? புதுசா ஒரு டஜன் கட்டச் சொல்றனுங்க."

"எனக்கில்லீங்க. கொசுவுக்கு."

"கொசுவுக்கா இருந்தாலும் உங்க கையிலதானுங்க குடுக்கோணும்?"

வெகுநேரம் பேசியபின் ஒத்துக்கொண்டார். மதியம் ஆள் வந்து ஓர் அட்டைப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே பழைய பனியன் ஒன்று. சலவை செய்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்திருந்தது. அதிகாரி கேட்டதையும் தட்ட முடியாது, அதிகாரிக்கு அழுக்கையும் கொடுக்க முடியாது. மனிதர் இரண்டுக்கும் வழி கண்டுபிடித்திருந்தார். வெந்நீர்ப் புட்டியில் அதைச் சுற்றி வைத்தோம். கொசுக்கள் வந்தன, உட்கார்ந்தன, போயின. மறுநாள் நானே கம்பெனிக்குள் போய், நிட்டிங் மெஷின் ஓட்டுபவரின் உடம்பிலிருந்து ஒன்றைக் கழற்றி வாங்கி வந்தேன். அதைச் சுற்றியதும் துணி தெரியாத அளவுக்கு மொய்த்துக் குத்திப் பார்த்தன. பூவராகன் சலவைப் பனியனைத் தூக்கிப் போடவில்லை. இரண்டும் இருந்தால்தான் வித்தியாசம் தெரியும் என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

கடைசியாக ரத்தம். ஆட்டுக்குடலின் சவ்வைக் கறிக்கடையில் வாங்கிவந்து சுத்தம் செய்தேன். பூவராகன் அதை இரண்டு விரலால் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணாடிக் குழாயின் வாயில் கட்டினார். உள்ளே ரத்தத்தை ஊற்றி உடம்புச் சூட்டுக்கு வைத்துக் கவிழ்த்தோம். புது ரத்தம் என்றால் வயிறு வெடிக்கக் குடித்தன. ஐஸில் பல நாளாகக் கிடந்த ரத்தத்தை அதே சூட்டில் வைத்தால் குத்திப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டன. சர்க்கரைத் தண்ணீரை அதே மாதிரி வைத்தோம், சீண்டவில்லை. சிவப்பணுவுக்குள் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது, அது நாளானால் கெட்டுப்போகும், அதன் ருசி பட்டால்தான் கொசு இழுத்துக் குடிக்கும் என்றார். இனிப்பு அன்றோடு ஒழிந்தது. நான் ஊருக்குள் அதற்குப் பிறகும் சில வருஷம் இனிப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். சிவப்பணுவை விளக்கிக்கொண்டு நின்றால் மருந்து அடிக்க முடியாது.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கொசுக்கள் சாப்பிடுவதை நிறுத்தின.

பொன்னுசாமியின் கை உள்ளே போகும். கொசுக்கள் எழும்பும், வரும், கையில் உட்காரும், நாலடி நடக்கும், போய்விடும். ஒன்றிரண்டு பசி தாங்காமல் குத்தும். முட்டைக் கிண்ணத்தில் வைக்கிற ஈரத்தாள் ஒரு முட்டைகூட இல்லாமல், வைத்தபடியே வெள்ளையாக வந்தது. பூவராகன் அறையின் சூட்டைப் பார்த்தார், ஈரத்தைப் பார்த்தார். கொசுவுக்குத் தீனியாகக் கூண்டில் வைக்கிற கிஸ்மிஸ் பழத்தை முதல் நாள் மாலையே எடுத்துவிட்டோமா என்று கேட்டார். அதைத் தின்று வயிறு நிறைந்திருந்தால் ரத்தத்துக்கு வராது. எடுத்திருந்தோம். என்னை அந்த அறைக்குள்ளேயே வரவேண்டாம் என்று தள்ளி வைத்தார், மருந்து என் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருகிறதோ என்று. அப்படியும் கொசுக்கள் கையைத் தொடவில்லை.

பொன்னுசாமிக்கு முகம் விழுந்துவிட்டது. "என்ர ரத்தத்துல ஏதோ ஆயிப்போச்சுங்க சார்" என்றார். கொசுவே வேண்டாம் என்கிற ரத்தம் உடம்பில் ஓடினால் யாருக்குத்தான் பயமிருக்காது. வீட்டில் சொல்லவில்லை என்றும் சொன்னார்.

பூவராகன் அவர் கையிலிருந்து ஊசியில் கொஞ்சம் ரத்தம் எடுத்தார். ஆட்டுச் சவ்வைக் கட்டி, சூடாக்கி, கவிழ்த்தார். கொசுக்கள் வந்து அடித்துக்கொண்டு குடித்தன. பொன்னுசாமி குனிந்து, சிவந்து தொங்கும் வயிறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டார்.

"ரத்தம் நல்லா இருக்கு. சூடு இருக்கு. மூச்சு இருக்கு" என்று பூவராகன் தனக்குத்தானே விரல் மடக்கினார். "மிச்சம் தோல்." அலமாரியைத் திறந்து அந்தச் சலவைப் பனியனை எடுத்து முகர்ந்தார். பிறகு பொன்னுசாமியின் கையை வாங்கி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மெதுவாக முகர்ந்தார். திரும்பப் பனியன். திரும்பக் கை. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிளீச்சிங் பவுடர்" என்றார். "இந்த ஊர்ல தெருவெல்லாம் இந்த நெடிதான். அதனால எனக்கே இத்தனை நாள் உறைக்கலை."

எனக்கும் அப்படித்தான். நொய்யல் கரையில் பனியன் துணியை வெளுக்கும் சலவைப்பட்டறைகள் வந்ததிலிருந்து அந்த நெடி எங்கள் சோற்றிலேயே இருந்தது. திருப்பூர்க்காரன் மூக்குக்கு அது ஒரு வாசமே இல்லை.

"எந்தப் பட்டறைக்குப் போறே பொன்னுசாமி?"

பொன்னுசாமி எதிர்ச் சுவரைப் பார்த்தார். அரசாங்க வேலையில் இருப்பவன் வெளியில் வேலை செய்தால் சீட்டுக் கிழிந்துவிடும். தற்காலிகத்துக்குக் கிழிக்கச் சீட்டுகூட வேண்டாம், நாளை வராதே என்றால் முடிந்தது. ஆனாலும் அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"தங்கச்சி ஊட்டுதுங்க சார். மச்சான் தொட்டி விளிம்புல வழுக்கி உழுந்து காலு முறிஞ்சு போச்சுங்க. பட்டறைய நிறுத்தினா கம்பெனிக்காரரு துணிய வேற பக்கம் குடுத்துருவாரு. புள்ள ஒண்டியா என்ன பண்ணுமுங்க? என்ர கல்யாணத்துல எனக்கு இணைச்சீர் செஞ்ச புள்ளைங்க சார்."

பூவராகன் என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குத் தங்கை செய்கிற சீர் அது, அதற்குப் பிறகு அவள் வீட்டில் ஒன்று என்றால் அண்ணன் போய் நின்றே ஆக வேண்டும் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"சம்பளம் வாங்கறியா?"

பொன்னுசாமியின் முகம் சுருங்கியது. "தங்கச்சி ஊட்டுல சம்பளம் வாங்கறதுங்களா?"

"சாப்பாடு?"

"காலையில கம்பஞ்சோறு போடுதுங்க. கரைச்சுக் குடிச்சேனுங்க."

"சம்பளம் இல்லாத வேலை வெளி வேலையில வராது. கம்பஞ்சோறைப் பத்தி விதியில ஒண்ணும் சொல்லலை" என்றார் பூவராகன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சட்டைக் கையைச் சுருட்டி, தன்னுடைய கையைக் கூண்டுக்குள் விட்டார். ஒல்லிக் கை. கொசுக்கள் அதைப் பார்த்தால் இரங்கி விட்டுவிடும் என்று நினைத்தேன், விடவில்லை. சில நாளில் ஈரத்தாளில் கறுப்பு முட்டை திரும்ப வந்தது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

அப்போதுதான் சென்னையிலிருந்து துணை இயக்குநர் வருகிறார் என்று தகவல் வந்தது. தற்காலிக ஊழியர்களில் யாரை நிரந்தரமாக்கலாம் என்று முடிவு செய்ய வருகிறார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. சான்றிதழ், சிபாரிசு எதையும் பார்க்கமாட்டார். ஒவ்வோர் ஆளையும் அவனவன் வேலையைத் தன் முன்னால் செய்துகாட்டச் சொல்வார். மருந்து அடிப்பவன் அடித்துக் காட்ட வேண்டும். கொசு பிடிப்பவன் பிடித்துக் காட்ட வேண்டும். கொசுவுக்கு ரத்தம் கொடுப்பவன் கொடுத்துக் காட்ட வேண்டும்.

பொன்னுசாமிக்கு வயது வரம்பு நெருங்கிவிட்டிருந்தது. இந்த முறை விட்டால் அடுத்த முறை கிடையாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். சொந்தக் காட்டில் கிணறு வற்றி விவசாயம் போய்விட்டது. துணை இயக்குநர் முன்னால் கொசு அவரைக் கடித்தாக வேண்டும். மனுசன் பிழைப்பு கொசுவின் வாயில் போய் மாட்டிக்கொண்டது.

பூவராகன் உத்தரவு போட்டார். பிளீச்சிங் பவுடர் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. சோப்பு கூடாது. எண்ணெய் கூடாது. துணை இயக்குநர் வரும்வரை குளிக்கவே கூடாது. தோல் பழைய வாசத்துக்குத் திரும்பட்டும் என்றார்.

"அப்பப் பட்டறைங்க?" என்றார் பொன்னுசாமி.

நான் போகிறேன் என்றேன். என் கைதான் கூண்டுக்கு ஆகாத கை, அது எந்தத் தொட்டியில் கிடந்தால் யாருக்கு என்ன. பூவராகன் காதில் விழாதவர்போல் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னுசாமியின் தங்கை ருக்மணி. அந்தப் பிள்ளை இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு தொட்டிக்கும் களத்துக்கும் நடந்தபடியே இருக்கும். மச்சான் கயிற்றுக் கட்டிலில் காலில் பட்டைக் கட்டோடு படுத்துக்கொண்டு, நாங்கள் செய்கிற எல்லாமே தப்பு என்று சொல்லிக்கொண்டிருப்பார். துணியைச் சலவைச் சோடாவில் வேகவைத்து, பவுடர்த் தண்ணீரில் ஊறப்போட்டு, மிதித்து, அலசி, பிழிந்து, களத்தில் விரிக்க வேண்டும். நனைந்த பனியன் துணி என்ன கனம் கனக்கும் என்று சுமந்தவனுக்குத்தான் தெரியும். கண் எரியும், நகம் வெளுக்கும், விரலிடுக்கெல்லாம் வெடிக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் சர்வீஸ் முழுவதிலும் கொசு என்னைச் சீண்டாத நாட்கள் அவை மட்டுமே.

ஒருநாள் காலையில் பூவராகன் குடையோடு அங்கே வந்து நின்றார். சம்பளமில்லை என்பதைக்கூடக் கண்ணால் பார்க்க வந்தாரா, அல்லது பவுடர் எவ்வளவு கரைக்கிறார்கள் என்று பார்க்க வந்தாரா தெரியாது. நான் தொட்டிக்குள் இருந்தேன். ருக்மணிக்கு அவர் யார் என்று தெரியாது. அலசிய துணியின் ஒரு முனையைப் பிடிக்க ஆளில்லாமல் அந்தப் பிள்ளை சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்ணா, சும்மாதான நிக்கறீங்க, இந்தத் தலப்பக் கொஞ்சம் புடிங்க."

பூவராகன் குடையை மடக்கி வைத்துவிட்டுப் பிடித்தார்.

"அப்படி இல்லீங்ணா, முறுக்கோணும். ஊட்டுல துணி புழிஞ்சதே இல்லீங்களா?"

"இல்லம்மா" என்றார் உண்மையாக. கற்றுக்கொண்டு முறுக்கினார். அவர் போகும்வரை எனக்குத் தொட்டியை விட்டு வெளியே வரத் தைரியம் வரவில்லை. பிழிந்த தண்ணீர் முழங்கை வரை வழிந்து, அடுத்த நாள் கொசுக்கள் அவர் கையையும் வேண்டாம் என்றுவிட்டன. "எதிர்பார்த்ததுதான்" என்று சொல்லிவிட்டு, சந்தோஷமாகத்தான் இருந்தார்.

அதே வாரம் பொன்னுசாமியின் மனைவி அலுவலகத்துக்கு வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"சார், எங்க ஊட்டுக்காரரு குளிக்கறதே இல்லீங்க. கேட்டா ஆபீசரு உத்தரவுங்கறாரு. புள்ளைக பக்கத்துல படுக்க மாட்டேங்குதுக."

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன்."

"கவுருமெண்டு வேலைங்களா அது?"

"ஆமாம்மா."

"பர்மனெண்டு ஆயிட்டா குளிக்கலாமுங்களா?"

"தினமும் குளிக்கலாம்" என்றார் பூவராகன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

துணை இயக்குநர் வந்தார். பருத்த மனிதர், அவசரக்காரர். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோயமுத்தூர் போக வேண்டும் என்று வந்ததும் சொல்லிவிட்டார். மருந்து அடிப்பவர்களைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு கொசு அறை. பொன்னுசாமி புதுச் சட்டை போட்டிருந்தார். அறைக்குள் அவர் வந்ததுமே துணை இயக்குநர் மூக்கில் கைக்குட்டையை வைத்தார். எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

"நடக்கட்டும்" என்றார்.

பொன்னுசாமி சட்டைக் கையைச் சுருட்டினார். கூண்டின் வாயில் தைத்திருந்த துணிக்குழாய் வழியாகக் கையை உள்ளே விட்டார். கொசுக்கள் எழும்பின. ஒன்று வந்து மணிக்கட்டில் உட்கார்ந்தது, நடந்தது, நின்றது, பறந்துவிட்டது. இன்னொன்று வந்தது. அதுவும் போய்விட்டது. துணை இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொன்னுசாமி எதிர்ச் சுவரைப் பார்க்கவில்லை. கை உள்ளே இருக்கும்போது அன்று முதல்முறையாகக் கூண்டைப் பார்த்தார். முருகா, முருகா என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பூவராகன் என் காதருகில் குனிந்தார். "மூச்சை விடுய்யா" என்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். இருக்கிறதிலேயே அந்த நேரத்தில் கொசுவுக்குத் தேவைப்பட்டது அதுதான். விட்டேன். அவரும் விட்டார். இரண்டு பேரும் ஒன்றும் தெரியாதவர்கள்போல் கூண்டின் மேல் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றோம்.

முழங்கைக்குக் கீழே ஒன்று உட்கார்ந்தது. நடக்கவில்லை. தலையைத் தாழ்த்தியது. பின்னங்கால் இரண்டும் மேலே தூக்கி நின்றன. வயிறு மெதுவாகச் சிவந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை, கை முழுவதும் உட்கார்ந்துவிட்டன. என் சர்வீசில் எத்தனையோ ஆயிரம் கொசுவைக் கொன்றிருக்கிறேன். அன்றைக்கு ஒவ்வொன்றையும் கையெடுத்துக் கும்பிட்டேன், மனதுக்குள்.

துணை இயக்குநர் குனிந்து பார்த்தார். பொன்னுசாமியின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"என்னப்பா, வலிக்குதா?"

"இல்லீங்க சார். நல்லா இருக்குதுங்க."

துணை இயக்குநர் பூவராகனிடம் திரும்பினார். "நல்ல ஆளு. பழக்கி வெச்சிருக்கீங்க. இவனுக்கு ஆர்டர் போட்டுடலாம்" என்றார். கைக்குட்டையை எடுக்காமலேயே வெளியே போனார். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

"போதும் பொன்னுசாமி, முடிஞ்சுது, கையை எடு" என்றார் பூவராகன்.

பொன்னுசாமி எடுக்கவில்லை. மற்றக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூண்டின் மூலையைக் காட்டினார்.

"இருங்க சார். இன்னும் ரெண்டு பேரு பசியா நிக்கறாங்க."